உன் அறையை வரைந்து அனுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இரண்டு மாசமாக உன் போனில் கேமரா ரிப்பேர் என்கிறாய்; சரி. குரல் கேட்டால் போதும் என்கிறாள் அம்மா. நானும் அதையேதான் சொல்கிறேன்.

படம் வரைகிறாயா? போட்டோவைப் பார்த்து வரையாதே. மகாமகக் குளத்தங்கரையில் உன்னைக் குளத்துக்கு முதுகு காட்டி உட்காரவைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை மண்டபம் என்றால் 16 என்று டக்கென்று சொல்லிவிடுவாய். தாளில் 11தான் இருக்கும். 8 வயதில் ஒருநாள் அத்தனையும் போட்டாய். ஒரு படியில் யாரோ துண்டு காயப்போட்டிருந்ததைக்கூட விடவில்லை. அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது. என் சர்வீஸில் எந்தப் பையனும் அப்படிப் போட்டதில்லை.

நீ இருக்கிற லண்டனில்தான் விஸ்லர் என்கிற ஓவியர் இதைச் செய்தார். ராத்திரியில் தேம்ஸ் கரையில் நின்று பார்ப்பார். பிறகு ஆற்றுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, வானம் இந்த நிறம், விளக்கு இங்கே என்று கூட வந்தவரிடம் ஒப்பிப்பார். தப்பிருந்தால் மறுபடி பார்ப்பார். மறுநாள்தான் தூரிகை. 1870களில் அவர் வரைந்த பழைய பாட்டர்சீ பாலம் டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்தில் இருக்கிறது, உள்ளே போகக் காசு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். தனியாகப் போனாலும் சரி, யாரோடாவது போனாலும் சரி.

பயிற்சிக்கு உன் அறையையே வரை. ஐந்து நிமிஷம் பார். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு வரை. அப்புறம் உள்ளே போய் ஒத்துப்பார். தப்பை அழிக்காதே, மேலேயே சிவப்புப் பென்சிலால் திருத்து. கட்டில், சன்னல், அடுப்பு, கழுவிக் கவிழ்த்த தட்டு எல்லாம் இருக்கட்டும். தட்டு ஒன்றா இரண்டா என்று நான் எண்ணமாட்டேன். போட்டோவைப் பார்த்து மட்டும் வரையாதே.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம், நீ ஏர்போர்ட்டில் நின்றதை வரைய உட்கார்ந்தேன். தள்ளுவண்டி வந்தது. பெட்டிச் சக்கரம் வந்தது. கைப்பிடியில் அம்மா அடையாளத்துக்குக் கட்டின மஞ்சள் துணி, அதன் முடிச்சுகூட வந்தது. உன் முகம் வரவில்லை. நாலு தாள் வீணாயிற்று. அன்றைக்கு இருந்த கோபத்தில் உன்னை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை பாப்பா, அந்தப் பெட்டியையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷம் பிள்ளைகளை 'நல்லாப் பாரு, நல்லாப் பாரு' என்று அதட்டின டிராயிங் மாஸ்டர்.

அறையில் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் போடு. அதில் தெரிகிறதையும் போடு.

அப்பா