வாசலில் பெட்டி வைத்துவிட்டுப் போனவருக்கு

வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது; கடந்த மார்கழியில், விடிவதற்குச் சற்று முன்பாக, திருப்பூரில் எங்கள் வீட்டு கேட்டின் முன்னால் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுச் சென்றவர் என்பது மட்டுமே தெரியும். உள்ளே பனியன் வேஸ்ட்டை மெத்தைபோலப் பரப்பி, காற்று வரத் துளைகள் இட்டு, ஓரத்தில் ஒரு கிண்ணம் பசும்பாலும் வைத்திருந்தீர்கள். ஈவிரக்கம் இல்லாதவர் செய்கிற வேலையல்ல அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூனைக்குட்டிகள் நான்கு. கண்கள் அப்போதுதான் பாதி திறந்திருந்தன. பிறந்து பத்து நாள் இருக்கும். அந்த வயதில் பூனைக்குட்டிக்குக் கிண்ணத்திலிருந்து நக்கிக் குடிக்கத் தெரியாது. குடித்தாலும் பசும்பால் செரிக்காமல் கழிச்சல் வந்துவிடும். தாய் நக்கிவிடாமல் சிறுநீர்கூடத் தானாக வராது என்பதால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நாங்கள் தடவிவிட்டோம். எல்லாவற்றுக்கும் முதலில் சூடு வேண்டும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது. ஆகவே வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்துவைத்து, உடம்பு கதகதப்பான பிறகே, குப்புறப் படுக்கவைத்து (கைக்குழந்தையைப்போல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்), பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடரைக் கரைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்தேன். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். மூன்று ஏறின. கறுப்புக்குட்டி மட்டும் 170 கிராமிலேயே நின்று, ஐந்தாம் நாள் விடியலில் என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

மற்ற மூன்றும் எட்டு வாரம் கடந்து, முதல் தடுப்பூசி போட்டபின் வீடு சேர்ந்துவிட்டன. மூன்று நிறக்குட்டி அவிநாசியில் ஒரு வயதான தம்பதியிடம் இருக்கிறது. மற்ற இரண்டையும் பிரிக்க மனம் வராததால் பெருந்துறையில் ஒரே வீட்டுக்குக் கொடுத்தோம். பால்கனிக்கு வலை அடித்த பிறகே கொடுத்தோம்.

நான் உங்களிடம் பேச விரும்புவது இவற்றின் தாயைப் பற்றி. அது உங்கள் வீட்டிலோ, உங்கள் தெருவிலோ இருக்கிறது. அன்று காலை அது குட்டிகளைத் தேடிக் கத்தியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பால் கட்டி மடி வலித்திருக்கும். குட்டிகளை இழந்த பூனை சில வாரங்களிலேயே மறுபடி கடுவனைத் தேடும், சினைக்காலமோ ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். இந்தப் பங்குனியில் அது மறுபடி ஈன்றும் இருக்கலாம். நீங்கள் கொண்டுவந்த நான்குமே பெட்டைகள். கடுவன் பிறந்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் கைவிடப்பட்ட பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்களிடம் வந்துசேர்பவற்றில் பெரும்பாலானவை பெட்டைக்குட்டிகளே. அவையும் ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக்கூடியவை.

விலங்கைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல.

இப்போது குட்டிகள் இருந்தால், தயவுசெய்து அவற்றைத் தாயிடமிருந்து எடுக்காதீர்கள். எட்டு வாரம் ஆகட்டும். அதன்பின் வீடு தேடித் தருவது எங்கள் பொறுப்பு. பால்குடி மறந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், பின்பு பத்து நாள் தாவிக் குதிக்காமல் ஓர் அறையில் வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இடமில்லையென்றால் எங்கள் வீட்டில் இருக்கட்டும். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அடுத்த முறை கேட்டோடு திரும்பிவிடாமல் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் சரி. அன்று ஏன் வைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன். கூண்டு என்னிடமே இருக்கிறது. வீட்டைக் காட்டினால் போதும், நானே வந்து தாயை அழைத்துக்கொள்கிறேன்.