‘சிரிஞ்ச்’ கேட்ட பிள்ளைக்காக ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபருக்கும் ஒழுக்காற்றுக் குழுவினருக்கும்,

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். “சிரிஞ்ச் ஒண்டு ட்ரொப் பண்ணடா, பெயின்கில்லர் முடிஞ்சுது” என்று பப்ஜி விளையாட்டுக் கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் எழுதியதைப் போதைப் பேச்சென்று எடுத்து நீங்கள் தடைசெய்த தரம் 10 பிள்ளை இன்னும் வகுப்புக்கு வெளியேதான். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் தடை எடுபடவில்லை. அந்த அறிக்கையோடு தாய் அலுவலக வாசலில் காத்து நின்றதை மற்றப் பெற்றோரும் பார்த்தார்கள். தடையை நீக்குங்கள். வீடுகளுக்கு அனுப்பிய ‘போதைச் சொற்கள்’ பட்டியலையும் மீளப் பெறுங்கள்.

பப்ஜி என்ற சுடும் வீடியோ விளையாட்டில் அடிபட்டவர் பண்டேஜோ ஃபெர்ஸ்ட் எய்டோ போட்டால் உயிர்க்கோடு 75 வீதத்துக்கு மேல் ஏறாது. மிச்சத்தை மெதுவாக ஏற்றுவதுதான் ‘பூஸ்ட்’. அதற்கு எனர்ஜி ட்ரிங்க் தருவது 40 புள்ளி, பெயின்கில்லர் 60, அட்ரினலின் சிரிஞ்ச் 100. சிரிஞ்ச் இலேசில் அகப்படாது, அதனால்தான் கூட்டாளியிடம் கெஞ்சல். பையிலுள்ளதை நிலத்தில் போடுவது ‘ட்ரொப்’, மற்றவர் பொறுக்கிக்கொள்வார். ‘ஸ்மோக் போடு’ என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. விழுந்தவரை எழுப்ப 10 விநாடி அசையாமல் இருக்கவேண்டும். புகைக்குண்டு எறிந்து மறைக்காவிட்டால் எழுப்பப் போனவரும் சூடுபட்டு விழுவார்.

உங்கள் பட்டியலில் ‘ஸ்மேர்ஃப்’ நீல மாத்திரையாம்! 1996இல் வோர்கிராஃப்ட் 2 என்ற கணினி விளையாட்டை ஆடிய இரண்டு கெட்டிக்காரரின் பெயரைக் கண்டாலே எதிராளிகள் விலகிப் போனார்கள். அவர்கள் கார்ட்டூனில் வரும் நீலக் குள்ளர்களான ஸ்மேர்ஃப்களின் பெயரில் புதுக் கணக்குத் திறந்தார்கள். அன்றிலிருந்து, பெயர் மறைத்துப் புதியவர்களோடு ஆடும் வல்லவருக்கு அந்தப் பட்டம். ‘ஜிஜி’யோ ‘குட் கேம்’ என்பதன் சுருக்கம், நல்ல ஆட்டம் என்ற மரியாதை, கொரிய ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளில் தோற்பவர் அதைத் தட்டிவிட்டுத்தான் வெளியேறுவார்.

ஆட்களை மறித்துத் தொடுபவரைக் கிளி என்கிற கிளித்தட்டு விளையாட்டில் ‘கிளி அடிச்சுப்போட்டுது’ என்று ஒரு பிள்ளை கத்தினால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பீர்களோ? உண்மையில் பயப்படவேண்டியதைப் பட்டியலில் காணோம். ‘இலவச டயமண்ட்’ (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) என்று வரும் இணைப்பை அமத்தி, கடவுச்சொல்லைக் கொடுத்துக் கணக்கையே பறிகொடுக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கோபத்தில் சற்றுக் கூடிவிட்டது, பொறுத்தருள்க. ஊரில் போதைப்பொருள் பயம் எங்களுக்கும் உண்டு. நீங்கள் விழிப்பாக இருப்பதில் குறையில்லை. ஆனால் சொல்லை மட்டும் பிடித்துத் தண்டிக்கமுன், விளையாடுகிற ஒருவரையாவது கேளுங்கள். திங்கட்கிழமை முதற் பாடத்துக்கே அந்தப் பிள்ளையை வகுப்பில் இருத்துமாறும், பட்டியல் பிழையென்று பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்குமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். திருத்திய பட்டியல் வேண்டுமானால் கூப்பிடுங்கள், வந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
பழைய மாணவர் சிலர்,
யாழ்ப்பாணம்