கேஸ் ஷீட்டில் முழுதாக எழுதுங்கள், டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டாக்டர் கையெழுத்து என்றாலே எல்லோருக்கும் சிரிப்புதான். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும் என்பார்கள். அதைப் படித்து ஊசியில் மருந்தை ஏற்றுகிற எங்களுக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. நான் பல வருடமாக வார்டில் நர்ஸ்.

என்னைக் கேட்டால், கிறுக்கலைவிட மோசம் சுருக்கக் குறிகள். கிறுக்கல் புரியவில்லை என்றாவது நமக்குத் தெரியும். சுருக்கம் புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் என்று முழுதாக எழுதாமல், எண்ணை ஒட்டி ஆங்கில 'யூ' ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் அதன் வாய் மூடிக்கொண்டால் பூஜ்யம். 4 யூனிட் 40 ஆகிவிடும். சர்க்கரை மளமளவென்று இறங்கி நோயாளி நினைவு தப்பிவிடுவார், உயிரே போகலாம்.

புள்ளியும் அப்படித்தான். 1.0 என்று எழுதி, புள்ளி மங்கலாக விழுந்தால் 10. முன்னால் பூஜ்யம் போடாமல் .5 என்று எழுதினால் 5. கோடு போட்ட தாளில் புள்ளி கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 'எம்.எஸ்.' என்றால் கடும் வலிக்குப் போடும் மார்ஃபின் சல்ஃபேட்டா, வலிப்புக்குப் போடும் மெக்னீசியம் சல்ஃபேட்டா? 'ஓ.டி.' பொது வார்டில் தினம் ஒரு வேளை, கண் வார்டில் வலது கண்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-லேயே பயன்படுத்தக் கூடாத குறிகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. மேலே சொன்ன 'யூ', 1.0, .5, 'எம்.எஸ்.' எல்லாம் அதில் உண்டு. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் பட்டியல் அது.

சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியதுதானே என்பார்கள். கேட்கிறோமே! ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை போனில் எழுப்பினால், "இதுகூடத் தெரியாதா சிஸ்டர்?" என்று விழும். புதிதாகச் சேர்ந்த பெண் அதை ஒரு தடவை வாங்கினால் போதும், மறு தடவை போனைத் தொட மாட்டாள். பக்கத்து வார்டு சீனியரிடம் கேஸ் ஷீட்டை நீட்டி, "அக்கா, இது என்னவா இருக்கும்?" என்பாள். இரண்டு பேர் சேர்ந்து ஊகித்தாலும் அது ஊகம்தான். பிசகு நடந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவள் மருந்து போட்டவள்.

டாக்டர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. ரவுண்ட்ஸில் அத்தனை படுக்கைகளையும் பார்த்து, அத்தனை ஷீட்டிலும் எழுதினால் யாருக்கும் கை ஓடத்தான் செய்யும். கம்ப்யூட்டர் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கிறுக்கல் போகும், சரி. அதே சுருக்கத்தைத் தட்டச்சு செய்தால்?

எனவே, கூடாத குறிகளின் பட்டியலை நர்ஸ் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அந்தக் குறியோடு டாக்டர் எழுதும் மருந்து ஆர்டர், மருந்து போடும் முன் திருத்தி எழுதப்பட வேண்டும். போனில் சொல்லும் ஆர்டரை நாங்கள் எழுதி, திரும்பப் படித்துக் காட்டும்வரை டாக்டர் போனை வைக்கக் கூடாது. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று போனில் காது ஏமாந்துவிடும். ஒன்று, ஐந்து என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் குழப்பமில்லை.

இதெல்லாம் மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு சுற்றறிக்கையாக வர வேண்டும். நாங்களாகக் கேட்டால் அது திமிர் என்று ஆகிவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வார்டு நர்ஸ்