ஒரு தடவை பார்க்கத்தானே வாடகை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருடம் டி.வி.யும் வி.சி.ஆரும் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். இப்போது ஓய்வு. கண்ணும் முன்போல இல்லை, சால்டரிங் அயர்ன் பிடித்தால் கை நடுங்குகிறது. ஆனாலும் ஒரு பெட்டி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் இன்னும் சொல்லிவிடுவேன். நான் எழுத வந்தது நன்றாக வேலை செய்கிற ஒரு பெட்டியைப் பற்றி. வேலை செய்யாதே என்று சொல்லி அதைத் தயார் செய்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு நானும் என் மனைவியும் டி.வி.யில் ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தோம். 2 மணி 36 நிமிடப் படம். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நடுவில் மருந்து, தண்ணீர், சும்மாவே ஒரு கூப்பாடு. அதனால் எந்தப் படமானாலும் நாங்கள் அதைத் துண்டு துண்டாகத்தான் பார்ப்போம்.

இது தெரிந்துதான் படம் ஆரம்பித்ததுமே ரிமோட்டில் ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினேன். டி.வி.யோடு மாட்டியிருக்கிற எங்கள் செட்-டாப் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் உண்டு. செய்தி, தொடர், விளையாட்டு என்று எதைச் சொன்னாலும் பதிந்து வைக்கும். அன்றைக்குச் சிவப்புப் புள்ளி ஒரு தடவை மின்னியது, அணைந்தது. ‘இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அனுமதி இல்லை’ என்று ஒரு வரி. சரி, இரண்டு நாளைக்குள் பார்த்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். 40 நிமிடம் ஓடியிருக்கும், உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றைய கதை அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை மாமியாருக்குக் காய்ச்சல். மனைவி அந்த அறையை விட்டு நகரவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. யாரோ கழித்துப் போட்டதை வாங்கி நான் சரி செய்து வைத்திருந்த பழைய புரொஜெக்டர் ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்து, பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய் மாமியார் கட்டிலுக்கு எதிரே இருக்கிற சுவரில் படத்தை விழ வைத்தால், மனைவி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். மாமியாரும் கண் திறந்தால் ஏதோ அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். முக்கால் மணி நேரம் வயர் இழுத்து, ஸ்டூலுக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகம் கொடுத்துச் சரி செய்தேன். மெனு பளிச்சென்று வந்தது. செய்திச் சேனல் வந்தது. வாடகைப் படத்தை அழுத்தினேன், சுவர் கறுத்துப் போனது. ஒரு மூலையில் சின்ன எழுத்தில், இந்தத் திரைக்கு இந்தப் படத்தைக் காட்ட முடியாது என்று அறிவிப்பு. “நீங்கள் கழற்றிப் பூட்டின எதுவுமே ஒழுங்காக ஓடினதில்லை” என்றார் மனைவி. 31 வருடத் தொழிலுக்குக் கிடைத்த சான்றிதழ்!

இதில் என் கைப்பிழை எதுவும் இல்லை என்பதை இந்தக் கடிதத்திலாவது பதிவு செய்துவிடுகிறேன். ஹெச்.டி.சி.பி. என்று ஒரு நகல் தடுப்பு ஏற்பாடு. இன்டெல் உருவாக்கியது, 2000-ஆம் ஆண்டு வந்தது. பெட்டியும் திரையும் கேபிள் வழியே முதலில் ரகசிய எண்களைப் பரிமாறிக்கொண்டு, நீ நம்ம ஆள்தானா என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். திருப்தி என்றால்தான் படம் வரும். என் புரொஜெக்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. அதற்குப் படத்தைச் சுவரில் அடிக்கத் தெரியும், திருடத் தெரியாது. படத்தைச் சேமித்து வைக்க அதற்குள் இடமே கிடையாது. ஆனாலும் சந்தேகக் கேஸ்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கியது. மாமியார் தூங்கியதும் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தோம். ‘வாடகைக் காலம் முடிந்துவிட்டது. மீண்டும் வாடகைக்கு எடுக்கவும்.’ அரை மணி நேரத்தில் கோட்டை விட்டிருக்கிறோம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். “சார், ப்ளே அழுத்தினதிலிருந்து 48 மணி நேரம் சார். விதிமுறையில் இருக்கு சார்” என்றார். “நான் பார்த்தது 40 நிமிடம்தானே அம்மா?” என்று கேட்டேன். “சிஸ்டத்தில் பார்த்ததாகத்தான் சார் காட்டுது” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையில் இருப்பதும் ஒரு திரைதான். அதிலும் அனுமதித்ததைத்தான் அவர் பார்க்க முடியும்.

பல இடங்களில் இதுதான் விதி. பணம் கட்டி 30 நாளுக்குள் படத்தை ஆரம்பிக்கலாம், ஆரம்பித்தால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முப்பது நாள் சும்மா கிடக்கிற படத்துக்கு, நான் தொட்டதும் எங்கிருந்து அவசரம் வந்துவிடுகிறது என்பது எனக்குப் புரியவில்லை.

பதிவு செய்ய ஏன் அனுமதி இல்லை என்றால், படத்தின் சிக்னலோடு சேர்ந்து இரண்டே இரண்டு பிட் தகவல் வருகிறது. ஒரு பிட் என்றால் பூஜ்யம் அல்லது ஒன்று, அவ்வளவுதான்; இரண்டு பிட்டில் நாலு கட்டளை சொல்லலாம். தாராளமாக எடுத்துக்கொள், ஒரு பிரதி எடுத்துக்கொள், இதற்கு மேல் எடுக்காதே, எடுக்கவே எடுக்காதே. வாடகைப் படத்துக்கு நாலாவதைப் போட்டு அனுப்புகிறார்கள். பெட்டி அதைப் படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறது. படத்தை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டுப் போனால்கூட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காத பெட்டிகள் உண்டு.

இந்த மாதிரிப் பூட்டு எனக்குப் புதிதில்லை. டி.வி.டி. பிளேயர் வந்த புதிதில் வாரத்துக்கு ஒருவராவது அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். “புதுசுங்க, படம் இருட்டுது, அப்புறம் பளீர்னு வெளுக்குது, கலர் ஓடுது, கம்பெனி ஃபால்ட்.” நான் என் மேஜையில் இருக்கிற டி.வி.யில் நேராகக் கொடுத்துப் பார்ப்பேன், படம் கண்ணாடி மாதிரி இருக்கும். எடுத்துப் போவார்கள். மறுநாள் அதே ஆள் அதே பிளேயரோடு வந்து நிற்பார். ஒருநாள் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அவருடைய டி.வி. பழையது, பின்னால் ஆன்டெனா ஓட்டை மட்டும்தான். பிளேயரை அதில் நேராகச் சொருக வழியில்லை. அதனால் பிளேயரிலிருந்து வி.சி.ஆருக்கு ஒரு வயர், வி.சி.ஆரிலிருந்து டி.வி.க்கு ஒரு வயர். கோளாறு அங்கேதான்.

மேக்ரோவிஷன் என்று அதற்குப் பெயர். 1980-களிலேயே கேசட்டுக்கு வந்துவிட்ட பூட்டு. திரையில் நம் கண்ணுக்குத் தெரியாமல் மேலே சில கோடுகள் போகும். அந்த இடத்தில் வேண்டுமென்றே தப்பான பல்ஸ்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். டி.வி. அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் வி.சி.ஆருக்குள் சிக்னல் அளவை ஏற்றி இறக்குகிற ஏ.ஜி.சி. சர்க்யூட் ஏமாந்துபோகும். பாவம், நிஜமாகவே வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைக்கும், அப்புறம் கூட்டும், மறுபடி குறைக்கும். நகல் எடுப்பவனைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, பழைய டி.வி. வைத்திருந்தவர் தலையில் விடிந்தது. அவர் எதையும் பதிவு செய்யவில்லை. வீட்டில் ஒரு காலி கேசட் கூட இல்லை. அந்தப் பல்ஸ்களை உருவி எறிகிற சின்ன சர்க்யூட் ஒன்று உண்டு. நாலைந்து பேருக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன், மறைப்பானேன். நகல் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் என்னிடம் வரவில்லை. அவர்களிடம் அந்தச் சர்க்யூட் எனக்கு முன்பே இருந்தது.

இப்போதும் அதேதான். ஹெச்.டி.சி.பி.யின் ரகசிய எண்களையெல்லாம் உருவாக்கித் தருகிற தாய்ச் சாவியே 2010-இல் வெளியாகிவிட்டது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அதற்கப்புறமும் அந்தப் பூட்டு என் சுவரைக் கறுக்க வைக்க மட்டும் கரெக்டாக வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் திங்கட்கிழமை வந்தவன் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “மாமா, இதுக்கெல்லாம் காசு கொடுத்தீங்களா?” என்றான். முழுப் படமும் பென் டிரைவில் கொண்டுவந்து தருகிறேன், எந்த சுவரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். வேண்டாம் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவனை நினைத்தா என்னை நினைத்தா என்று தெரியவில்லை.

நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. படம் எடுக்கிறவனுக்குக் காசு வர வேண்டும். வாடகைக்கு எடுத்ததை என்றைக்கும் வைத்துக்கொள்ளக் கேட்பதும் நியாயமில்லை. ஆனால் வீட்டில் பதிவு செய்தாலே சினிமா செத்துவிடும் என்று பயந்தவர்கள் முன்பும் இருந்தார்கள். சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட் ரெக்கார்டரை எதிர்த்து யுனிவர்சல், டிஸ்னி என்ற சினிமா ஸ்டுடியோக்கள் 1976-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. 1984-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், டி.வி.யில் வருவதை வீட்டில் பதிந்து வைத்து வசதிப்பட்ட நேரத்தில் பார்ப்பது தப்பில்லை என்று சொல்லிவிட்டது. சினிமா செத்ததா? அந்த ரெக்கார்டர்களில் ஓடிய கேசட்டுகளை விற்றும் வாடகைக்கு விட்டும் அதே ஸ்டுடியோக்கள் வருடக்கணக்கில் சம்பாதித்தன. அந்தத் தீர்ப்பு வாடகைப் படத்தைப் பற்றியது இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ‘வசதிப்பட்ட நேரத்தில்’ என்பது மனுஷனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு ஐந்து நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது.

48 மணி நேரக் கடிகாரம்கூடப் பழைய சரக்குதான். 1998-இல் அமெரிக்காவில் டிவெக்ஸ் என்று டி.வி.டி. மாதிரி ஒரு படத் தட்டு விற்றார்கள். முதல் தடவை போட்டதிலிருந்து 48 மணி நேரம் ஓடும், அப்புறம் மறுபடி பணம் கட்ட வேண்டும். கணக்குச் சொல்ல பிளேயரை டெலிபோன் லைனில் மாட்டி வைக்க வேண்டும். ஜனங்கள் அதைச் சீந்தவில்லை, அடுத்த வருடமே கடையைக் கட்டினார்கள். இப்போது தட்டும் இல்லை, டெலிபோன் வயரும் இல்லை. கடிகாரத்தை மட்டும் தூசி தட்டி எடுத்து நம் வீட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். வேறு வழி இல்லாததால் நாமும் சீந்திவிட்டோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவை பார்க்கத்தானே வாடகை வாங்கினீர்கள்? அந்த ஒரு தடவையை முழுசாகக் கொடுங்கள். படம் ஓடுகிற நேரத்தை மட்டும் எண்ணுங்கள், நான் காய்ச்சல் மாத்திரை எடுக்கப் போன நேரத்தை எண்ணாதீர்கள். கடைசி வரை ஓடியதும் பூட்டிக்கொள்ளட்டும், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அல்லது அந்த இரண்டு பிட்டில் ‘ஒரு பிரதி எடுத்துக்கொள்’ என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் போட்டு அனுப்பலாம். அந்தப் பிரதி எங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்து, பார்த்து முடித்ததும் தானே அழியட்டும். எங்கேயும் கொண்டுபோக முடியாத பிரதியால் யாருக்கு என்ன நஷ்டம்?

புரொஜெக்டர் விஷயம் இன்னும் சுலபம். கேபிளைச் சொருகின உடனேயே அந்தத் திரை ஒத்துவருமா வராதா என்று பெட்டி விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும். அதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்லலாம். பதிவு செய்ய முடியாது என்பதையும் அதே இடத்தில், படத்தின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அந்த அளவு எழுத்தில் போடலாம். விதிமுறையில் இருக்கிறது என்கிறார்கள். அந்த விதிமுறையை டி.வி. திரையில் ரிமோட்டால் தள்ளித் தள்ளிப் படித்துப் பார்த்தேன். பாதியில் என் மூக்குக் கண்ணாடியைக் குறை சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன்.

படத்தில் ஒரு பெண் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகிற இடத்தில்தான் வெள்ளிக்கிழமை நிறுத்தியிருந்தோம். அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்று மனைவி திங்கள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு இரண்டாம் தடவை பணம் கட்டினேன். பார்த்த 40 நிமிடத்தைத் தள்ளிவிட்டு அன்றைக்கு அரை மணி நேரம், நேற்று 36 நிமிடம் பார்த்திருக்கிறோம். இன்று வியாழன், மணி ஆறே கால். இன்னும் 50 நிமிடப் படம் பாக்கி இருக்கிறது, ஒன்பது மணி வரை கெடு. மாமியார் இப்போதுதான் விழித்திருக்கிறார், கூப்பிடுகிறார். கடிதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டி.வி. மெக்கானிக் ஒருவர்