ஐந்தாவது பங்கு: நம்மூர் வணிகர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் பெரியவர்கள் அனைவருக்கும்,

வணக்கமுங்க. சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்த்தாற்போல் முப்பது வருசமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பாகப்பிரிவினையை எழுதியது இந்தக் கைதான். அப்பா கல்லாவில் உட்கார்ந்து சேர்த்ததை ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல் என்று ஆளுக்கொரு சொத்துப் பட்டியலாகப் பிரித்து, நான்கு எல்லையும் குறித்துச் செக்குபந்தி போட்டு, பொதுக் கிணற்றில் யாருக்கு என்றைக்குத் தண்ணீர் முறை என்பதுவரை எழுதியிருக்கிறேன். மூன்றரை அடிச் சந்து யாருக்கு என்று முடிவாகாமல் பதினோரு மாதம் என் பெட்டியில் தூங்கிய பத்திரமும் உண்டு. யார் வீடு என்று சொல்ல மாட்டேன்.

காலஞ்சென்ற வள்ளல்கள் பெயரில் கடைவீதி முகப்பில் வளைவு கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். எஸ்டிமேட் போடும் முன் ஒரு பாகப்பிரிவினைக் கதையைக் கேட்டுவிடுங்கள்.

இன்றைக்குப் பீளமேடு கோயமுத்தூருக்குள் அடங்கிவிட்டது. நூறு வருசத்துக்கு முன்னால் அது தனி ஊர். அங்கே விவசாயமும் பருத்தி வியாபாரமுமாக இருந்த குடும்பம் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவினுடையது. அவருக்கு நான்கு பையன்கள்: வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி. நான்கு ஆண்பிள்ளை இருந்தால் நான்கு பங்கு, இதற்குக் கணக்குப்பிள்ளை வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டுச் சொத்து ஐந்து பங்கானது. மகன்களுக்கு ஆளுக்கொன்று, ஐந்தாவது தருமத்துக்கு. 1926-இல் அந்தப் பங்கு 2,01,000 ரூபாய்.

பத்திரம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு ஒன்று தோன்றும். மற்ற பங்காளிகள் தன் பங்கு இளைத்தால் சண்டை போடுவார்கள். இந்த ஐந்தாவது பங்காளிக்கு வாயும் இல்லை, கைநாட்டு வைக்க விரலும் இல்லை. அவனுக்காக மற்ற நால்வர்தான் பேசியிருக்க வேண்டும். தன் வீட்டுச் சொத்தில், தனக்குக் குறைகிற பங்குக்கு வக்காலத்து வாங்குவது என்றால் என்ன என்று என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பங்கில் உண்டான அறக்கட்டளையின் பெயரைப் பாருங்கள்: பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ். 'அண்ட் சன்ஸ்' என்று நாம் எங்கே எழுதுகிறோம்? ஜவுளிக்கடை போர்டில், இரும்புக்கடை போர்டில். கடை மகன்களுக்குப் போகும் என்று ஊருக்கு அறிவிக்கிற வார்த்தை அது. அங்கே அதைத் தருமத்தின் நெற்றியில் எழுதிவிட்டார்கள்.

அந்தப் பங்கைச் செலவழித்துத் தீர்க்கவில்லை, வியாபாரிகள் ஆயிற்றே. அதற்கு முன்பே 1924-இல் தொடங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு சர்வஜன என்று பெயர், எல்லா சனங்களுக்கும் என்று பொருள். அதோடு மோட்டாரும் பம்பும் செய்கிற பட்டறை. 1939-இல் பாலிடெக்னிக், 1947-இல் கலைக் கல்லூரி, 1951-இல் பொறியியல் கல்லூரி, 1985-இல் மருத்துவக் கல்லூரி. பொறியியல் கல்லூரியைப் பட்டறை இருந்த வளாகத்திலேயே வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி அதுதான். நோட்டில் வரைந்ததைப் பையன் பக்கத்துக் கட்டடத்தில் கடைசலில் பார்க்கலாம்.

"அவர்கள் மில்லுக்காரர்கள், நாங்கள் மளிகை" என்பீர்கள். சரிங்க. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்த வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்களே, பிடியரிசி என்று, அந்த வீடுகளில் எத்தனை பேர் மில் வைத்திருந்தார்கள்? காமராசர் படித்த பள்ளிக்கூடம் அது. 2013-ஆம் வருசக் கம்பெனிச் சட்டம், வருசத்துக்கு 5 கோடி நிகர லாபம் பார்க்கிற கம்பெனியைக்கூட சராசரி லாபத்தில் 2 சதவீதம்தான் சமூகப் பணிக்குக் கேட்கிறது. பீளமேட்டில் பிரித்துக் கொடுத்தது லாபத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 'சன்ஸ்' என்றால் மகன்கள் மட்டுந்தான். அந்தக் காலச் சட்டம் அப்படி. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாதிருந்த மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது; 2005-இல் கல்யாணமான மகளுக்கும் வந்துவிட்டது. இருந்தும் ஒரு பட்டுச்சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்துத் தங்கச்சியிடம் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் வாங்க வருகிற அண்ணன்மார் இன்றைக்கும் என் திண்ணையில் உட்காருகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்த வாரமே கோயில் அன்னதானத்துக்கு நோட்டீஸ் அடித்தார்கள். கூடப் பிறந்தவள் பங்கை அமுக்கிக் கொடுப்பதை நான் தருமக் கணக்கில் எழுத மாட்டேன்.

நான் கேட்பது சின்ன விசயம். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். இனிமேல் சங்க உறுப்பினர் வீட்டில் பாகப்பிரிவினை வந்தால், மகன்கள், மகள்கள் பங்குக்குப் பிறகு கடைசியாக ஒரு ஷெட்யூல் இருக்கட்டும். சமபங்காக இருக்க வேண்டும் என்பதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையின் வாடகையாக இருந்தாலும் போதும். அதை நம்மூர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கென்று முறையாக அறக்கட்டளைப் பத்திரம் பதிந்து வையுங்கள். வருசா வருசம் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மூத்தவன் மனசு மாறினாலும் இளையவன் கேட்டு வந்தாலும் பிடுங்க முடியாதபடி வாசகம் எழுதத் தெரியும் எனக்கு.

வளைவு கட்டுவதும் கட்டாததும் உங்கள் இஷ்டம். இந்தக் கடைசி ஷெட்யூலுக்கு மட்டும் நான் எழுத்துக்கூலி வாங்குவதில்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் உங்களுடையது. வரும்போது தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். தங்கச்சியையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்