இருநூறு பக்கங்களாக வராத ஆபத்து

அமெரிக்கக் கிறிஸ்தவ நாவல்களைத் தமிழாக்கி வெளியிடும் பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவினர்க்கு,

ஸ்தோத்திரம்.

உங்கள் பதிப்பகத்தின் பெயரையும் நாங்கள் வாங்கிப் படித்த நாவலின் பெயரையும் இந்த மடலில் நான் எழுதவில்லை. ஊரறிய ஒருவரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால் தனிக்கடிதமாக எழுதினால் கருத்துக்கு நன்றி என்ற ஒற்றை வரியோடு காரியம் முடிந்துபோகும் என்பதால், இதே தொழிலில் இருக்கும் மற்றப் பதிப்பாளர்களும் படிக்கும்படி திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நாங்கள் பாறசாலைப் பக்கத்துத் தமிழர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் புறம் இருந்த எங்கள் வீடுகளும் அதோடு நின்றுவிட்டன. பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். பல வீடுகளில் அச்சிட்ட தமிழ் என்றால் வேதபுத்தகம், பாமாலை, கீர்த்தனை, சுவரில் தொங்கும் வசனக் காலண்டர், அவ்வளவுதான். ஆகவே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் காசு சேர்த்து ஒரு தமிழ் நாவல் வாங்குவது எங்களுக்குச் சின்னக் காரியமன்று. மூச்சுவிட மறந்துபோவீர்கள் என்று பின்னட்டையில் நீங்கள் அச்சிட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினோம்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. பனி மூடிய சிறிய ஊர். இறந்துபோன தகப்பனாரின் பழைய புத்தகக் கடையைத் தனியாக நடத்தும் பெண். கடையைப் பூட்டப்போகும் நேரத்தில், மேசைமேல் இருந்த வேதாகமத்துக்குள் யாரோ செருகிவைத்த மிரட்டல் சீட்டு. விசாரிக்க வருகிற காவல் அதிகாரி, பத்து வருடங்களுக்கு முன்பு அவளை விட்டுப்போனவன், ஜெபிப்பதையும் விட்டவன். காதல், ஆபத்து, விசுவாசம் என்று மூன்று இழைகளும் முதல் முப்பது பக்கங்களிலேயே கைக்குக் கிடைத்துவிட்டன. முப்புரிநூலாக முறுக்க வேண்டியதுதான் மிச்சம்.

முறுக்கவில்லை. நாற்பதாம் பக்கத்திலிருந்து இருநூற்று நாற்பதாம் பக்கம் வரை அந்தச் சீட்டை எழுதியவன் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. நான் வேலைக்குப் போவது பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் காலைப் பாசஞ்சரில். வண்டி பாறசாலையை விட்டபோது நாயகி காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள். அமரவிளையில் தண்ணீர் கொதித்தது. நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறியபோது, அவன் இப்போதும் சர்க்கரை போட்டுக்கொள்வானா என்று யோசித்தாள். பாலராமபுரம் தாண்டி நேமத்தில் வண்டி சிக்னலுக்காகக் காத்துக்கிடந்தபோதும் இருவரும் கோப்பையைக் கையில் வைத்தபடி பழைய நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாலை வண்டியில் அதே காப்பியைப் பற்றி அவன் யோசிக்கத் தொடங்கினான். கண் மங்கிய என் அத்தைக்கு இரவில் நான் வாசித்துக் காட்டுவது வழக்கம். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் அவர் கேட்பது ஒன்றே: "மக்களே, அவன் இன்னும் வரல்லியா?" ஒன்பதாம் நாள் அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

கதை மெதுவாகப் போகிறது என்பதல்ல என் புகார். ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு மெதுவானதைப் பார்த்துச் சலிப்பு வராது. விடியுமுன் வெட்டுக்காரர் பட்டையில் சரிவாக ஒரு கீறல் இழுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். பால் அந்தக் கீறல் வழியே இறங்கி, தகட்டு நுனியில் ஒரு கணம் தங்கி, சொட்டுச்சொட்டாகச் சிரட்டையில் விழும். நின்று பார்த்தால் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போனால் எடுக்கப் பால் இருக்கும். ஆனால் அடுத்த முறை பால் வேண்டுமென்றால் அந்தக் கீறலைத் திரும்பவும் மெல்லச் சீவியாக வேண்டும். உங்கள் நாவலாசிரியரோ முதல் அத்தியாயத்தில் போட்ட ஒரே கீறலின் கீழ் இருநூறு பக்கங்களுக்குச் சிரட்டையை ஏந்தி நிற்கிறார். காய்ந்துபோன ஒட்டுப்பாலைத்தான் நாங்கள் உரித்தெடுத்தோம்.

தாமதத்தை எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொள்ளக் கிறிஸ்தவ எழுத்தாளர் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. வேதாகமத்தில் எஸ்தர் புத்தகம் பத்தே அதிகாரங்கள். தன் ஜனத்தை அழிக்க ராஜாவின் பிரபுவான ஆமான் பெற்ற கட்டளையைத் தடுக்க, அழைக்கப்படாமல் உள்ளே போனால் சாவு என்று தெரிந்தும் ராணி எஸ்தர் ராஜாவின் முன் போய் நிற்கிறாள். அவன் செங்கோலை நீட்டி என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவளோ விருந்துக்கு வரச்சொல்கிறாள். விருந்திலும் கேட்கிறான், நாளைக்கும் வரச்சொல்கிறாள். இதுவும் தள்ளிப்போடுதல்தான். ஆனால் அந்த ஓர் இரவுக்குள், அவளை வளர்த்த மொர்தெகாயைத் தொங்கவிட ஐம்பது முழ உயரத் தூக்குமரம் எழும்பிவிடுகிறது. ராஜாவோ தூக்கம் வராமல் பழைய நடபடிகளை வாசிக்கச்சொல்லி, தன் உயிரைக் காத்த மொர்தெகாய்க்கு ஒன்றுமே செய்யப்படவில்லை என்று அறிகிறான். அவள் வாய் திறக்குமுன்பே எல்லாருடைய நிலைமையும் மாறிவிடுகிறது. இத்தனைக்கும் எபிரேய மூலத்தில் அந்தப் புத்தகத்தின் ஓரிடத்திலும் தேவனுடைய பெயர் வருவதில்லை.

உங்கள் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இவனை நம்பலாமா ஆண்டவரே என்ற ஒரே ஜெபத்தை நாயகி பதினேழு இடங்களில் செய்கிறாள். பென்சிலால் குறித்து எண்ணினேன். நாவலில் ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபித்து எழுந்தவள் ஒரு கதவையாவது திறந்து பார்த்திருக்கலாம், ஒருவரையாவது சந்தேகித்திருக்கலாம். கிறிஸ்தவ நாவல் என்றால் அடக்கமாகத்தான் இருக்கும், இரத்தமும் ஓட்டமும் எதிர்பார்க்கக் கூடாது என்று எங்கள் சங்கத்தில் ஓர் அக்கா எனக்குப் பதில் சொன்னார். எதிரிப் படைத்தலைவன் சிசெராவுக்குப் பால் கொடுத்துப் போர்த்துப் படுக்கவைத்த யாகேல், கூடார ஆணியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு என்ன செய்தாள் என்பதை ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்தவரே அந்த அக்காதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறே பக்கமுள்ள ஓர் அத்தியாயத்தில், அந்த அதிகாரி சபைக்கு வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே பாட்டுக் கேட்கிறது. எஞ்சினை அணைக்கிறான், மறுபடி முடுக்குகிறான், கையுறையைக் கழற்றி மடியில் வைக்கிறான், கடைசிவரை இறங்கவில்லை. சம்பவம் என்று ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஆறு பக்கங்களுக்குப் பிறகு அவன் பழைய ஆளில்லை. அதை நான் இரண்டு முறை படித்தேன், இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாமல். இப்படி எழுதத் தெரிந்தவர்தான் மற்ற இருநூறு பக்கங்களையும் எழுதியிருக்கிறார் என்பதே என் வருத்தத்துக்குப் பெரிய காரணம். முடிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: கடைசி இருபது பக்கங்களில் குற்றவாளி தானாக வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்.

எங்கள் தாய்மார் மலையாள வார இதழ்களின் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். படித்தவர்கள் 'பைங்கிளி' என்று ஏளனம் செய்கிற அந்தக் கதைகள்கூட, வாரம் ஒரு முடிச்சாவது போடாமல் வாசகியை அனுப்பியதில்லை. அந்தக் கண்களுக்கு முன்னால்தான் உங்கள் புத்தகம் வருகிறது என்பதை நினைவில் வைத்துத் தேர்வு செய்யுங்கள். மொழிபெயர்க்கக் கொடுக்குமுன் உங்களில் ஒருவர் கதையை வாய்விட்டு, என் அத்தையைப் போன்ற ஒருவருக்கு, வாசித்துக் காட்டினாலே பாதிக் குறை தெரிந்துவிடும். அமைதியான குடும்பக் கதையென்றால் அட்டையில் அப்படியே போடுங்கள். அதையும் வாங்க எங்களில் ஆளுண்டு. தமிழில் எழுதச்சொல்லியும் கேட்டுப்பாருங்கள். 1879இல் வெளியான தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்தானே. கதை சொல்ல நம்மிடம் ஆளில்லாமலா பனி விழும் ஊர்களைத் தேடிப்போகிறோம்?

புத்தகம் இப்போது சங்கத்து அலமாரியில் இருக்கிறது. எட்டுப் பேர் எடுத்துப்போனார்கள். முடித்தது நான் ஒருத்திதான். பக்கங்களுக்கு நடுவே அடையாளமாக ஒரு பஸ் டிக்கெட், ஒரு காணிக்கைக் கவர், ஒரு கோழி இறகு கிடக்கின்றன. மூன்றும் நூற்றுப்பத்தாம் பக்கத்துக்கும் நூற்றிருபதாம் பக்கத்துக்கும் இடையில். கிறிஸ்துமஸுக்கு முன் அடுத்த நாவல் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. உங்கள் பட்டியலிலிருந்தே வாங்க விரும்புகிறோம். மாதிரிக்கு வழக்கம்போல முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பாமல், நடுவிலிருந்து மூன்று அத்தியாயங்களை அனுப்பிவையுங்கள். அத்தைக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பணம் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பாறசாலைப் பக்கத்து வாசகி ஒருத்தி