உன் முதல் 57 நாட்கள்

அன்பு மகளுக்கு,

சென்ற வாரம் நீ தொலைபேசியில் அழைத்து, ஒரு மருத்துவப் படிவத்தில் பிறந்தபோது இருந்த எடையைக் கேட்டிருக்கிறார்கள், என்ன எழுதுவது என்று கேட்டாய். 1,080 கிராம் என்று சொல்லிவிட்டு, நீ மேற்கொண்டு எதுவும் கேட்பதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். நீ அதைக் கவனித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ குறைமாதத்தில் பிறந்தவள் என்பதை நாங்கள் உன்னிடம் மறைத்ததில்லை. ஆனால் நீ மருத்துவமனையில் இருந்த நாட்களைப் பற்றி இந்த 22 ஆண்டுகளில் நான் முழுமையாகப் பேசியதும் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதுவது எனக்கு எளிதாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

நீ பிறந்தபோது எனக்கு 29 வாரங்கள் நிறைவடைந்திருந்தன. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறந்தாலே குறைப்பிரசவம் என்று கொள்கிறார்கள் என்றால், நீ எவ்வளவு முன்னதாக வந்தாய் என்பதைக் கணக்கிட்டுக்கொள். என் இரத்த அழுத்தம் மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் ஏறிக்கொண்டே போனதால், உன்னை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உன் நுரையீரலைச் சற்றேனும் பக்குவப்படுத்துவதற்காக எனக்கு 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகளைப் போட்டார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள் காத்திருக்க முடிந்தது என்பதை ஒரு பெரிய பேறாக மருத்துவர் பேசியது நினைவிருக்கிறது. அந்த ஒரு நாளின் மதிப்பு அப்போது எனக்குப் புரியவில்லை.

நீ பிறந்தவுடன் அழவில்லை. உன் மூச்சுக்குழாயில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் வழியே சர்ஃபாக்டன்ட் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அந்தப் பொருள்தான். கருவில் இருக்கும் குழந்தையின் உடல் அதைப் போதுமான அளவு சுரப்பதற்கு ஏறக்குறைய 34, 35 வாரங்கள் ஆகிவிடும். பிற்காலத்தில் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இந்தப் பொருளின் குறைபாடே காரணம் என்பதை மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் என்னும் இருவர் 1959இல் எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்து, ஏறத்தாழ 39 மணி நேரமே வாழ்ந்து, இதே நோயால் இறந்துபோனான். அந்தக் குழந்தையின் எடை ஏறத்தாழ 2,100 கிராம். உன்னைப் போல் இரண்டு மடங்கு. ஜப்பானில் ஃபுஜிவாரா என்னும் மருத்துவர் இந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துக் கண்ட வெற்றியை வெளியிட்டது 1980இல்தான். இந்த ஆண்டுகளை நான் எத்தனையோ இரவுகளில் மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். நான் உன்னை இன்னும் முன்னதான ஒரு காலத்தில் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடிந்ததில்லை.

நானும் நோயாளியாக இருந்ததால் மூன்றாம் நாள்தான் என்னைச் சக்கர நாற்காலியில் உன்னிடம் அழைத்துச் சென்றார்கள். இன்குபேட்டரில் நீல வெளிச்சத்தின் கீழ், கண்கள் கட்டப்பட்டு, வாயில் குழாயுடன் நீ கிடந்தாய். தோல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் வயிற்றின் நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. நீ அழுவது முகத்தில் தெரிந்தது, ஆனால் ஓசை வரவில்லை. குழாய் குரல்வளைக்குள் இருக்கும்வரை குழந்தையின் அழுகை வெளியே கேட்காது என்று செவிலியர் விளக்கினார். பிறகு அவர் இன்குபேட்டரின் பக்கவாட்டு வளையத்தைத் திறந்து, "கையைக் கழுவிவிட்டீர்கள் அல்லவா, தொடுங்கள் அம்மா" என்றார். நான் தொடவில்லை.

இதுதான் நான் சொல்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் மட்டும் அல்ல, எட்டாம் நாள் வரை நான் உன்னைத் தொடவில்லை. கை வலிக்கிறது என்றேன், காய்ச்சல் வரும்போல் இருக்கிறது என்றேன், குழந்தை தூங்குகிறாள் என்றேன். தொட்டுவிட்டால் நீ எனக்கு உரியவள் ஆகிவிடுவாய், அதற்குப் பிறகு உன்னை இழக்க நேர்ந்தால் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். உன் அப்பா முதல் நாளிலிருந்தே தம் விரலை உன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார். அவர்தான் ஒரு நோட்டு வாங்கி, உன் எடை, ஆக்ஸிஜன் அளவு, எத்தனை மில்லி பால் என்று நாள்தோறும் குறித்தார். முதல் எட்டு நாட்களின் பக்கங்கள் முழுவதும் அவர் கையெழுத்தே.

நான் செய்தது ஒன்றே ஒன்று: மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, நள்ளிரவிலும், பம்ப் வைத்துப் பால் எடுத்தேன். முதல் நாட்களில் சீம்பால் சில துளிகளே வந்தது. அதைச் சிரிஞ்சில் எடுத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு மில்லி என்ற அளவில், வாய்வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயில் ஊற்றினார்கள். யாரும் அழுத்தித் தள்ளுவதில்லை. சிரிஞ்சைச் சற்று உயரத்தில் பிடித்துக்கொண்டால் பால் தானாகவே இறங்கும். முதிராத குடலுக்குத் தாய்ப்பாலைப் போன்ற பாதுகாப்பு வேறெதிலும் இல்லை என்று அவர்கள் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிட்டு, மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுக்கும் கருவியைப் பொருத்தினார்கள். அன்று மாலை உன் அழுகை முதன்முறையாகக் கேட்டது. பூனைக்குட்டியின் குரலை விடவும் மெல்லியது. ஆறாம் நாள் உன் எடை 985 கிராமாக இறங்கியது. முதல் நாட்களில் இப்படிக் குறைவது இயல்பு என்று முன்பே சொல்லியிருந்தும், ஆயிரத்துக்குக் கீழே இருந்த அந்த எண்ணைப் பார்த்து நான் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அந்தச் செவிலியர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. குழாய் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. "நான் மாற்றும்வரை நீங்கள்தான் இவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தடவக் கூடாது, தடவினால் இந்தத் தோலுக்குத் தாங்காது. ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதங்களிலும் வைத்து, அசையாமல் இருங்கள்" என்றார். நான் வைத்தேன். உன் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. கைகால்களை உதறிக்கொண்டிருந்த நீ மெல்ல மெல்ல ஓய்ந்தாய்; மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு 88இலிருந்து 94க்கு ஏறியது. அவர் வேலையை முடித்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. அன்றைய பக்கத்திலிருந்து நோட்டில் என் கையெழுத்து தொடங்குகிறது.

பதின்மூன்றாம் நாள் உன்னை என் மார்பின்மேல் வைத்தார்கள். நாப்கின், தொப்பி தவிர உடை எதுவும் இல்லாமல், தோலோடு தோலாக, நிமிர்ந்த நிலையில் தவளைக்குட்டிபோல் ஒட்டிக்கொண்டிருந்தாய். கங்காரு பராமரிப்பு என்று இதற்குப் பெயர். 1970களின் இறுதியில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே சனப்ரியா என்னும் மருத்துவர் தொடங்கிவைத்த முறை அது. பற்றாக்குறையில் பிறந்த அந்த வழி, இன்று எல்லா வசதிகளும் உள்ள இடங்களிலும் வேண்டப்படுகிறது. குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கி, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அதைப் படித்த அன்று, நான் வீணாக்கிய நாட்களை எண்ணி மிகவும் அழுதேன்.

பதினான்காம் நாள் நீ பிறந்த எடைக்கே மீண்டும் வந்து சேர்ந்தாய். பதினாறாம் நாள் முழு அளவுப் பாலையும், அதாவது இரண்டு மணிக்கு ஒருமுறை 14 மில்லி, உன் வயிறு ஏற்றுக்கொண்டது. இனி எல்லாம் ஏறுமுகம் என்று நம்பினோம்.

பதினெட்டாம் நாள் காலை நீ வெளிறிப் போயிருந்தாய். குறைமாதக் குழந்தைகளின் மூளை, விடாமல் மூச்சு விட வேண்டும் என்பதைச் சில நேரம் மறந்துவிடும்; 20 நொடிக்கு மேல் மூச்சு நின்றால் மானிட்டர் ஒலிக்கும், செவிலியர் வந்து பாதத்தைச் சுண்டுவார், மூச்சு திரும்பும். இது உனக்கு முன்பும் நடந்ததுதான். இதற்காகவே உனக்கு நாள்தோறும் கஃபீன் மருந்து கொடுத்துவந்தார்கள். ஆனால் அன்று மணிக்கு நான்கைந்து முறை நின்றது. சுண்டியும் திரும்பாதபோது பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தார்கள். நோய்த்தொற்று என்று கருதி, பாலை முற்றிலும் நிறுத்தி, நரம்பு வழியே ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். வயிறு வீங்கியிருந்தது. என் உடம்பிலிருந்து ஏதோ தொற்றியிருக்கும், நான் உன்னை மார்பில் வைத்துக்கொண்டதால்தான் இது வந்தது என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. அதை மருத்துவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் எனக்கு ஆறுதல் கூறவில்லை. ஐந்து நாள் குறிப்பேட்டை எடுத்துவந்து, நீ என் மார்பில் இருந்த மணி நேரங்களை ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். அந்த நேரங்களில் ஒருமுறைகூட உன் மூச்சு நின்றிருக்கவில்லை. பிறகு அவர் வேறு குழந்தையிடம் போய்விட்டார். அந்தத் தாளை இன்றும் என் கண்ணுக்குள் படிக்க முடிகிறது.

நான்கு நாட்கள் கழித்துப் பால் மீண்டும் ஒரு மில்லியிலிருந்து தொடங்கியது.

அதற்குப் பின் வந்த வாரங்களை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அவை நல்லவை. உச்சிக்குழி வழியாக மூளையை ஸ்கேன் செய்து, இரத்தக்கசிவு இல்லை என்றார்கள். முப்பதாம் நாள் விழித்திரையைச் சோதித்தார்கள். அந்தச் சோதனை பல வாரங்களுக்குத் தொடர்ந்தது. ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எடை நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிராமாகக் கூடியது. 43ஆம் நாள் 1,610 கிராமில் உன்னை இன்குபேட்டரிலிருந்து சாதாரணத் தொட்டிலுக்கு மாற்றினார்கள்; உன் சூட்டை நீயே காத்துக்கொள்கிறாயா என்று அன்றிரவு மணிக்கொரு தரம் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். காத்துக்கொண்டாய்.

பால் குடிக்கக் கற்றதுதான் நீண்ட வேலை. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருவதற்கு 34 வாரங்களாவது ஆகும் என்றார்கள். 35ஆம் நாள் முதன்முறை என்னிடம் குடித்தாய். குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில் ஆறு கிராம் கூடியிருந்தது; மீதியைக் குழாயில் கொடுத்தார்கள். நான்கு முறை உறிஞ்சிவிட்டுக் களைத்து உறங்கிவிடுவாய். எழுப்ப முயன்றபோது செவிலியர் தடுத்து, இது அவளுக்கு மலையேற்றம், விட்டுவிடுங்கள் என்றார். 52ஆம் நாள் குழாய் தேவைப்படாமல் போனது.

ஆனாலும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 41ஆம் நாள் கஃபீனை நிறுத்தியிருந்தார்கள். அது உடலைவிட்டு அகலச் சில நாட்கள் ஆகும் என்பதால் 44ஆம் நாளிலிருந்து கணக்குத் தொடங்கியது. தொடர்ந்து ஏழு நாட்கள் மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஐந்து நாட்கள் கடந்தன. உன் அப்பா வீட்டில் தொட்டிலைத் துடைத்து வைத்துவிட்டார். ஆறாம் நாள் இரவு உறக்கத்தில் 22 நொடி மூச்சு நின்று, இதயத் துடிப்பும் குறைந்தது, தானாகவே திரும்பியும்விட்டது. மறுநாள் காலை எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது. அந்த விதியின்மேல் உன் அப்பாவுக்குக் கடுங்கோபம் வந்தது, எனக்கு வரவில்லை. இன்னும் ஏழு நாட்கள் உன்னைக் கண்காணிக்க ஒருவர் விழித்திருப்பார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

57ஆம் நாள், 1,970 கிராமுடன், நீ வீட்டுக்கு வந்தாய். மானிட்டர் இல்லாத அந்த முதல் இரவில் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை எங்களால் தாங்க முடியவில்லை. உன்னை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, முறைவைத்து உன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னிரவில் பசித்து, குழாய் எதுவும் இல்லாத தொண்டையால், நீ தெருவுக்கே கேட்கும்படி அழுதாய்.

அந்த நோட்டை இந்தக் கடிதத்துடன் அனுப்புகிறேன். உனக்கு உரியது அது. படிக்கும்போது 18 முதல் 21 வரையிலான நாட்களின் பக்கங்கள் வெறுமையாக இருப்பதைக் காண்பாய். அப்போது எங்கள் இருவராலும் எழுத முடியவில்லை. அந்த நான்கு நாட்களில் நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன். இந்தத் தாள்களை அந்தப் பக்கங்களுக்கு இடையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அம்மா